லொறி நின்ற பிறகு: வன்னியின் கடை, ஆலை, களஞ்சிய முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும் வர்த்தக சங்கத்தாருக்கும்,

வணக்கம். 2010ஆம் ஆண்டிலிருந்து கொழும்புக்கும் வன்னிக்கும் இடையில் லொறி ஓட்டுகிறேன். வரும்போது சீமெந்து, சீனி, மா, உரம், தகரம், மாபிள். திரும்பும்போது கிடைத்தால் நெல், இல்லாவிட்டால் வெறும் லொறி. வவுனியா, புளியங்குளம், மாங்குளம், மல்லாவி, கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு என்று உங்களில் பலருடைய முற்றத்தில் என் லொறி நின்றிருக்கிறது. விடியப்புறம் வந்து நின்றவனுக்கு வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க நினைப்பது ஒன்றுதான். லொறி உங்கள் முற்றத்துக்குள் பின்பக்கமாக நுழைகிற நேரத்திலிருந்து, சாமான் இறக்கி முடித்து வெளியே போகிற நேரம் வரை, அந்த இடத்துக்குப் பொறுப்பு யார்?

வீதியில் ஓடும்போது எனக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. வேகத்துக்குச் சட்டம் இருக்கிறது, பொலிஸ் நிற்கிறது, பிழை விட்டால் தண்டம் எழுதுகிறார்கள். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். நானும் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் ஏறுவேன். முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று மூச்சு விடுகிற இடம் உங்கள் வாசல். அந்த இடத்தில்தான் ஆட்கள் காயப்படுகிறார்கள்.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தையும் கடையையும் சொல்லமாட்டேன். சொல்வதால் யாருக்கும் நன்மை இல்லை.

ஒரு கார்த்திகை மாதம். சீமெந்து லோட். இரவு முழுக்க ஓடி வந்து, விடிய ஐந்தரைக்கு ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் இறக்கவேண்டும், நனைந்தால் சீமெந்து கல்லாகிவிடும், எடு எடு என்று கடையில் அவசரப்படுத்தினார்கள். கிளீனர் தம்பி தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று நான் இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தேன், யாரும் இல்லை. மெதுவாகப் பின்னுக்கு எடுத்தேன்.

கூலிக்கு மூடை இறக்கச் சந்தியில் நிற்கிற நாட்டாமை அண்ணை ஒருவர் இருந்தார். என் லொறி பின்னுக்கு வருகிற வழியில் வெறும் பரல் ஒன்று கிடப்பதைக் கண்டு, லொறிக்குச் சேதம் வரக்கூடாது என்று அதை இழுத்து வைக்கப் போயிருக்கிறார். லொறியின் நேர் பின்னுக்கு நிற்கிற ஆளை எந்தக் கண்ணாடியும் காட்டாது. பெட்டியின் அகலம் முழுக்க அங்கே இருட்டு. எனக்குச் சத்தமே கேட்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து லொறியின் பக்கத்தில் கையால் அடித்து, "முன்னுக்கு எடு, முன்னுக்கு எடு" என்று கத்தியபோதுதான் தெரிந்தது. பின்கதவுக்கும் சுவர்த் தூணுக்கும் இடையில் அவருடைய வலது கை.

நான் இறங்கி ஓடினேன். அவர் நிலத்தில் இருந்தார். தலையில் சும்மாடாகக் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையைச் சுற்றிப் பிடித்திருந்தார். அப்போதுதான் மழை தூறத் தொடங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, "தம்பி, நீ பதறாதை."

இரண்டு விரல் போய்விட்டது. மற்ற விரல்கள் மடங்காது. அதற்குப் பிறகு அவரால் மூடை பிடிக்க முடியவில்லை.

லொறியை எடுத்தவன் நான். அந்தப் பிழை என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன். ஆனால் அடுத்து வந்த நாட்களில் நடந்ததையும் நீங்கள் கேட்கவேண்டும். கடையில், "அவர் எங்கட ஆள் இல்லை, சந்தியில நிக்கிறவர்" என்றார்கள். என் லொறி முதலாளியைக் கேட்டால், "கடை கூப்பிட்ட ஆள், எனக்கென்ன தெரியும்" என்றார். இரண்டு பக்கமும் மனம் இரங்கிக் கொஞ்சம் காசு கொடுத்தார்கள், அதை மறைக்கக்கூடாது. அது சில கிழமைக்குக் காணும். பத்து வருடமாக அதே சந்தியில் நின்று, ஊர்க் கடைகளின் சாமான் முழுவதையும் தன் தோளால் இறக்கி வைத்த மனிதனின் பெயர் எந்தக் கடையின் எந்தக் கொப்பியிலும் இருக்கவில்லை.

இதுதான் என் மனதை அரிக்கிறது. சாரதிக்கு ஒரு முதலாளி இருக்கிறார். கடையில் பில் போடுகிற பிள்ளைக்கு ஒரு முதலாளி இருக்கிறார். இறக்குகிற நாட்டாமைக்கு மட்டும் யாரும் இல்லை. மூடைக்கு இவ்வளவு என்று காசை எண்ணிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம்.

முற்றம் உங்களுடையது. லொறி எப்போது வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும், யார் இறக்கவேண்டும் என்று சொல்கிறவரும் நீங்கள்தான். ஆகவே அந்த நேரத்தின் பொறுப்பும் உங்களிடம் இருக்கவேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு கடையிலும் ஆலையிலும் ஒருவரை நியமியுங்கள். பெரிய படிப்பு வேண்டாம். களஞ்சியம் பார்க்கிறவர் போதும். சாமான் இறங்கி முடியும்வரை அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. அவர் "சரி" என்று சொன்னால் லொறி அசையட்டும், அவர் கையைக் காட்டினால் எல்லாம் நிற்கட்டும். முதலாளி அவசரப்படுத்தினாலும் அவர் சொல்வதுதான் கணக்கு என்று எல்லோருக்கும் முன்னால் நீங்களே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொறுப்புக்கு மதிப்பு இருக்காது.

லொறி பின்னுக்கு வரும்போது பின்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது. வழிகாட்டுகிறவர் பக்கவாட்டில், என் கண்ணாடிக்குள் தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும். அவரைக் கண்ணாடியில் காணவில்லை என்றால் நான் நிறுத்தவேண்டும். ஐந்து பேர் ஐந்து பக்கம் நின்று "வா வா", "ஒடி ஒடி" என்று கத்துவதைவிட ஒருவர் பேசாமல் கையைக் காட்டுவது மேல். நெல் ஆலைகளில் இன்னொன்று இருக்கிறது. லொறி அசைந்தவுடன் சிந்தின நெல்லைக் கூட்டி அள்ள ஆச்சிமார் சுளகோடு வருவார்கள், பேரப்பிள்ளையும் கூடவே வரும். அவர்களைத் துரத்தச் சொல்லவில்லை. லொறி வெளியே போனபிறகு அள்ளலாம் என்று நேரம் ஒதுக்கிக் கொடுங்கள், நெல் எங்கேயும் ஓடிப்போகாது.

நின்ற லொறியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நின்றுவிட்டது என்றவுடன் எல்லோருக்கும் பயம் போய்விடுகிறது. எங்கள் பக்கத்து முற்றங்கள் பார்வைக்குத் தட்டை. மழைத்தண்ணி ஓட என்று கிரவல் போட்டுச் சரித்திருப்பீர்கள். பத்துத் தொன் ஏற்றிய லொறிக்கு அந்தச் சரிவு போதும். கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். வழியில் கிடக்கிற செங்கல் கட்டை ஆகாது, பாரம் ஏறினால் நொறுங்கிவிடும். ஆப்பு மாதிரிச் சீவிய பாலை மரக்கட்டை இரண்டு சோடி ஒரு தச்சரிடம் சொன்னால் ஒரு பகலில் செய்து தருவார். வாசலில் தொங்கவிடுங்கள்.

பிறகு, சாவி. இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாவியை உங்கள் பொறுப்பாளர் கையில் சாரதி கொடுக்கவேண்டும், கடைசி மூடை இறங்கி, உள்ளேயும் கீழேயும் பார்த்தபிறகு திருப்பி வாங்கவேண்டும். ஏன் கீழே என்று கேட்பீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் உங்கள் முற்றத்தில் நிழல் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் பாருங்கள். லொறிக்குக் கீழேதான். இரவு முழுக்க விழித்து வந்த கிளீனர் பெடியன் அங்கேதான் சாக்கை விரித்துப் படுப்பான். அவன் படுத்திருப்பது தெரியாமல் இன்னொருவர் ஏறி, "கொஞ்சம் முன்னுக்கு எடுத்து விடுவம்" என்று சாவியைத் திருப்புவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அவன் படுக்க ஒரு தாழ்வாரமும், முகம் கழுவக் குழாயும், ஒரு மலசலகூடமும் இருந்தால் யாரும் லொறிக்குக் கீழே போகமாட்டார்கள். நித்திரை முறிந்த சாரதியை வந்து நின்றவுடனேயே பின்னுக்கு எடு என்று சொல்லாமல், அரை மணித்தியாலம் இருக்க விட்டாலும் பெரிய உதவி.

பின்கதவைத் திறப்பது தனிக் கவனம். வீதியின் குலுக்கலில் ஏற்றியபடி மூடை இருக்காது. சரிந்து கதவில் சாய்ந்துகொண்டு நிற்கும். தறப்பாளை அவிழ்க்கும்போது அது வெளியே தெரியாது. நேராக நின்று கொழுக்கியைத் தட்டினால் கதவும் மேல் வரிசை மூடையும் ஒன்றாக நெஞ்சில் விழும். பக்கத்தில் ஒதுங்கி நின்று, இரண்டு பேராக, ஒரு பக்கக் கொழுக்கியை முதலில் கொஞ்சம் தளர்த்திக் கதவு தள்ளுகிறதா என்று பார்க்கவேண்டும். தள்ளினால் திறக்காமல் மேலிருந்து மூடையை எடுக்கவேண்டும். மாபிள், கண்ணாடி, தகரம் என்றால் ஒரே பக்கத்தை இறக்கிக்கொண்டு போகக்கூடாது. மற்றப் பக்கம் பாரம் கூடி, சாய்த்து வைத்த அடுக்கு அப்படியே கவிழும். கம்பியை மேலிருந்து தூக்கி எறிவதும் வேண்டாம், நிலத்தில் பட்டுத் துள்ளி எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது.

இனிப் பாரத்தைப் பற்றி. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. 200 பை ஏற்றினால் பத்துத் தொன். நாலு பேர் இறக்கினால் ஒருவர் தோளில் 50 பை, அதாவது 2,500 கிலோ. அதையும் ஆடுகிற பலகையில் நடந்து. பின்னேரம் இன்னொரு லொறி வந்தால் இன்னொரு 2,500 கிலோ. நெல் மூடை இதைவிடப் பொல்லாதது. காலபோகம் வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் அறுபது, எழுபது கிலோ மூடைகளை நான் ஏற்றியிருக்கிறேன். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கிச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சாக்கை நிரப்புகிறது ஆலையும் வியாபாரியும்தான். 50 கிலோவோடு கட்டுங்கள் என்று நீங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து சொன்னால் ஒரே போகத்தில் மாறும். மூடை எண்ணிக்கை கூடும், சாக்குக் காசு கூடும். அது உண்மை. ஒரு மனிதனின் நடு முதுகோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லாமல் விடமுடியாது. வன்னியில் மூடை தூக்குகிறவர்களில் எத்தனை பேருடைய உடம்புக்குள் போரில் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். முதுகில், தொடையில், சிலருக்கு நெஞ்சுக்குப் பக்கத்தில். வெளியே சொல்லமாட்டார்கள், சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். தோளை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தால் விளங்கும். தயவுசெய்து அவர்களை நிறுத்திவிடாதீர்கள். எண்ணுகிற வேலை, அடுக்குகிற வேலை, மேலே நான் சொன்ன பொறுப்பாளர் வேலை, இவற்றை அவர்களுக்குக் கொடுங்கள். என் அபிப்பிராயத்தில், விரல் இழந்த அந்த அண்ணையைப்போல் ஒருவரைவிடக் கவனமாகப் பின்பக்கம் பார்க்கக்கூடியவர் யாரும் இருக்கமுடியாது.

மூடைக் கூலியைப் பற்றிக் கதைத்தால் உங்களுக்குக் கசக்கும், தெரியும். மூடைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை, ஓடினால்தான் அவருக்கு வீட்டில் அடுப்பு எரியும். ஓடுகிறவரிடம் "பார்த்து மெதுவாய்" என்று சொல்வதில் பயனில்லை. லோட்டுக்கு இவ்வளவு, இத்தனை பேருக்குக் குறையாமல் இறக்கவேண்டும், இடையில் பத்து நிமிடம் இருந்து தண்ணி குடிக்கவேண்டும் என்று பேசி முடியுங்கள். மழை பெய்தால் நிறுத்தலாம், அதற்காகக் கூலி வெட்டமாட்டோம் என்றும் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் நனைந்த பலகையில் நடப்பதைவிட, முற்றத்தின் மேல் ஒரு தகரக் கூரை இறக்குவது மலிவு. பலகைக்குக் குறுக்கே அடிக்கு ஒரு சட்டம் அடித்தால் கால் வழுக்காது. சீமெந்துத் தூள் வியர்வையோடு சேர்ந்தால் தோலைத் தின்றுவிடும், ஆகவே கைக்கு உறையும், பிறகு கழுவத் தண்ணியும் வேண்டும். செருப்போடு ஏற விடாதீர்கள், ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.

இதெல்லாம் பெரிய கொம்பனிக்குச் சரி, எங்கள் சின்ன ஊருக்கு ஒத்துவராது, எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். போர் முடிந்து மீளக்குடியேறிய நாட்களை அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைத் தாண்டி நாங்கள் யாரும் காலை வைத்தோமா? விறகுக்குப் போன சின்னப் பிள்ளைகூட, தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் வந்து பெரியவர்களிடம் சொல்லப் பழகியது. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள், எல்லோரும் கேட்டோம். அந்தச் சனம்தான் இந்தச் சனம். சொல்கிறவர் மனதார நம்பிச் சொன்னால் கேட்கிற சனம்.

சட்டமும் இல்லாமல் இல்லை. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையிடத்துப் பாதுகாப்புக்கான தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. ஆனால் பெயர் எழுதாத ஆளுக்குச் சட்டத்தின் வாசல்வரை போவதே கஷ்டம். ஒரு கொப்பி போடுங்கள். இன்றைக்கு எந்த லொறி, என்ன சாமான், யார் யார் இறக்கினார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது. சின்னக் காயம் என்றாலும், யாருக்கும் படாமல் தப்பியது என்றாலும் அதையும் எழுதுங்கள். இன்று மயிரிழையில் தப்பிய இடத்தில்தான் நாளைக்கு ஒருவர் விழுவார். பெயர் எழுதுவதால் பொறுப்பு வந்துவிடுமே என்று சிலர் பயப்படலாம். வரும். வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கொப்பியின் மட்டையில் 1990 என்று பெரிதாக எழுதி வையுங்கள். இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுகிற இலக்கம். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. முச்சக்கரவண்டி தேடி ஓடினோம்.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. லொறி முதலாளிமாரிடம் இதே கேள்வியோடு போகிறேன். கிளீனர் இல்லாமல் பின்னுக்கு எடுப்பதில்லை என்று அன்றிலிருந்து நான் வைத்திருக்கிறேன். ஒரு தடவை அதற்காகக் கடை வாசலில் ஒரு மணித்தியாலம் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். அந்தக் கூட்டத்துக்குச் சந்தியில் நிற்கிற நாட்டாமைமார் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்துங்கள். எந்த முற்றம் சறுக்கும், எந்தத் தூண் குறுக்கே நிற்கிறது, எந்தக் களஞ்சியத்தில் அடுக்கு சரியும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மறந்ததையும் சொல்வார்கள்.

வருகிற கிழமை சீமெந்து லோட் ஒன்றோடு திரும்பவும் வருகிறேன். சில்லுக் கட்டை இரண்டு சோடி என் லொறியில் இருக்கும். உங்கள் வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு இறங்கி, சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்பேன். அந்த நேரம் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏ9 வீதியில் ஓடும் லொறிச் சாரதி ஒருவன்